நாணல் அன்று, கொறுக்கை

கோடை விடுமுறையில் மேசைமேல் சேர்ந்துபோன சிற்றிதழ்களையும் கவிதைத் தொகுப்புகளையும் ஒருவழியாக வாசித்து முடித்தபோது நமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தமிழ்க் கவிதையில் நாணலுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது வளைவது. வெள்ளம் வரும், நாணல் வளையும், வெள்ளம் வடியும், நாணல் நிமிரும். காதலில் தோற்றவர், பதவி இழந்தவர், தாயை நினைத்துக்கொள்பவர் என எல்லோருக்கும் அதே நாணல், அதே வெள்ளம். விமர்சகர்களும் சளைத்தவர்கள் அல்லர். இதனைப் ‘படிமம்’ என்று போற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். அந்தச் செடி எந்த நிறத்தில் பூக்கும், அதன் தண்டுக்குள் என்ன இருக்கிறது, அதனை அறுத்து யார் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் படிமத்துக்குத் தேவையில்லை போலும்.

இத்தனைக்கும் அந்த வளைவுகூட நம் கவிஞர் ஆற்றங்கரையில் கண்டெடுத்தது அன்று. ஈசாப்பின் கதையிலிருந்து பள்ளிப் பாடநூல் வழியாக வந்தது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் இத்தகைய கதை உண்டு. பெருமரங்களை வேரோடு பெயர்த்து வரும் ஆறுகள் கரையோரச் சிறு செடியை மட்டும் கொண்டுவருவதில்லையே, ஏன் என்று கடல் கங்கையைக் கேட்கிறது. அங்கே வளைந்து பிழைப்பது நாணலும் அன்று, பிரம்பு. ஆக, கேட்ட கதையைக் கண்ட காட்சியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

‘இலக்கியத்தில் தாவரவியல் தேடுகிறீரா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். தேடத்தான் வேண்டும் என்பது நம் கட்சி. அதற்கான காரணத்தை நம்முடைய வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறோம். ஏனெனில் இந்தக் குற்றத்தில் முதல் பங்கு தமிழ் கற்பிக்கும் நமக்கே உரியது.

காவிரிப் படுகைக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்கு ஐங்குறுநூறு நடத்திக்கொண்டிருந்தோம். மருதத்திணையில் ஓரம்போகியார் பாடிய வேழப்பத்து. பத்துப் பாடல்களிலும் வேழம் என்னும் செடி வருவதால் அப்பெயர். வேழம் என்றால் யானை, கரும்பு, மூங்கில் என்றெல்லாம் பொருள் உண்டு, இங்கே அது ‘ஒருவகை நாணல்’ என்று சொல்லிவிட்டு உள்ளுறைக்குப் போய்விட்டோம். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அதிகம் பேசாதவர். “ஐயா, அது நாணல் இல்லீங்க. கொறுக்கையா இருக்கணும். எங்க மாமா கொள்ளிடக்கரையில கொறுக்கந்தட்டை அறுக்கிறவரு. நாணல்ல சீவாளி கட்ட முடியாதுங்க” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் புன்னகையோடு ‘பாடத்துக்கு வருவோம்’ என்றோம். அந்தப் புன்னகைக்காக இன்றுவரை வெட்கப்படுகிறோம்.

அன்றிரவு நூலை எடுத்துப் பார்த்தோம். பழைய உரைகளில் வேழம் என்பதற்குப் பொருள் என்ன? கொறுக்கச்சி. மாணவர் சொன்ன அதே செடி, அதே பெயர், ஈற்றில்தான் சிறு மாற்றம். நூற்றாண்டுகளுக்கு முன் உரை எழுதியவர் தம் காலத்து ஆற்றங்கரையில் வழங்கிய சொல்லைத் தயங்காமல் எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த நாம்தான் அது கொச்சைபோல் தோன்றியதால் ‘ஒருவகை நாணல்’ என்று திருத்தமாக மாற்றிக்கொண்டோம். தேர்வுக் கையேடுகளில் அது இன்னும் சுருங்கி ‘ஒருவகைப் புல்’ ஆயிற்று. உரை மரபில் நடந்த இந்தச் சிறு திருட்டுக்குச் ‘செம்மையாக்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பாடல்களே சான்று சொல்கின்றன. வீட்டில் நட்டு வளர்த்த வயலைக் கொடி வேலி கடந்து போய் வேழத்தைச் சுற்றிக்கொள்வதை ஒரு பாடல் சொல்கிறது. வேழம் கரும்பைப் போலப் பூப்பதை ஒன்று சொல்கிறது. அதன் வெண்ணிறப் பூவைக் குதிரையின் தலையாட்டத்துக்கு ஒப்பிடுகிறது மற்றொன்று. இதுவரை கேட்டால் நாணல் என்றும் வாதாடலாம். நாணலும் வெள்ளையாகத்தான் பூக்கும், கரும்பைப் போலத்தான் பூக்கும். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இன்னொரு பாடலில், தொழில் செய்யும் எளிய பெண்கள் வேழத்தின் துளையுடைய திரண்ட தண்டில் கண்மையை இட்டு வைப்பதாகப் புலவர் கூறுகிறார். கண்மைக் குழாய்! நாணலின் மெல்லிய தாளில் மையை அடைத்துப் புழங்க முடியுமா என்று முயன்று பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். கொறுக்கையின் கணுவுக்குக் கணு உள்ளீடற்ற தட்டை அதற்கென்றே அமைந்தது போன்றது. ஓரம்போகியார் செடியைப் பார்த்தவர். பார்த்ததோடு, அதனை வறிய பெண்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் கவனித்தவர். பரத்தையிற் பிரிந்த தலைவனின் ஊரை வருணிக்கையில் அந்த மைக்குழாய் ஏன் வருகிறது என்ற கேள்வியை நாம் வகுப்பில் கேட்டதே இல்லை. ‘ஒருவகைப் புல்’ என்று சொன்ன பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பெரும்பாணாற்றுப்படைக்குப் போனாலும் இதே துல்லியம்தான். வலைஞர் குடிசையை உருத்திரங்கண்ணனார் காட்டும்போது, வேழக் கோல்களை நிரைத்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல்லால் கூரை வேய்ந்ததாகச் சொல்கிறார். மூன்று செடிகளுக்கு மூன்று வேலை. எது கோல் ஆகும், எது கயிறு ஆகும், எது கூரை ஆகும் என்பதில் குழப்பமில்லை. அதே நூலில் இடையன் வில்யாழ் செய்கிறான். குமிழ மரக்கொம்பு வில்லாகிறது, மரல் நார் நரம்பாகிறது. இசைக்கருவி எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லாமல் இசையைப் பற்றிப் பேசுவது அந்தப் புலவர்க்கு இயலாத செயல். நமக்கோ அதுவே நாகரிகம்.

இனி, செடிகளைப் பிரித்துப் பார்ப்போம். நாணல் கரும்பின் நெருங்கிய உறவு. தாவரவியலார் இரண்டையும் சக்காரம் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும் கரும்போடு நாணலைக் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் வகை 1918இல் வெளிவந்தது. வறட்சியும் நோயும் தாங்கும் வலிமையைக் கரும்பு பெற்றது நாணலிடமிருந்துதான். கவிஞர்கள் வளைந்து கொடுப்பதற்கு உவமையாக்கும் அந்தச் செடியின் உண்மையான குணம் சாகாமை என்பதை இவ்விடத்தில் சொல்லி வைக்கிறோம். வேழம் என்ற சொல் கரும்பையும் கரையோரச் செடியையும் ஒருங்கே குறித்ததில்கூட நம் முன்னோர் கண்டது ஏதோ இருக்கிறது.

கோரையோ புல் குடும்பமே அன்று. அதன் தண்டை விரலிடையில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டையாக நிற்கும். சம்பு பழுப்பு நிறக் கதிரை உருளைபோல் நிமிர்த்தி நிற்பது. தருப்பை வேறு. கொறுக்கை வேறு. சில ஊர்களில் கொறுக்கையையும் சேர்த்து நாணல் என்றே வழங்குகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வூரில் பாய் முடைபவரும் கூரை வேய்பவரும் அறுக்கப் போகும்போது ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அறுத்துக்கொண்டு வருவதில்லை. அவர்கள் நாவில் பெயர் ஒன்றானாலும் கையில் செடி இரண்டு. நம்மிடம் பெயரும் ஒன்று, செடியும் ஒன்று. அதுவும் காகிதத்தில்.

சீவாளிக்கு வருவோம். நாகசுரமா நாதசுரமா என்று தமிழறிஞர்கள் எழுதிக் குவித்த பக்கங்கள் எத்தனை! அந்தச் சண்டையில் நாமும் ஒருகாலத்தில் உற்சாகமாகக் கலந்துகொண்டோம். அவ்வளவு பக்கங்களில் சீவாளிக்கு எத்தனை வரி ஒதுக்கினோம் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். கருவியின் உடல் ஆச்சா மரம். அடியில் அணசு. மேலே உலோகக் கெண்டை. கெண்டையின் தலையில் நூலால் கட்டிச் செருகிய சீவாளி. தட்டையை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, பதம் பார்த்துச் சீவி, வாய்ப்புறம் தட்டையாகவும் அடிப்புறம் உருண்டும் இருக்கும்படி நூல் சுற்றிக் கட்டுகிறார்கள். ஊதும்போது அதன் இரு இதழ்களும் நொடிக்குப் பலநூறு முறை மூடித் திறந்து அதிர்கின்றன. ஒலி பிறப்பது அங்கேதான். மரக்குழல் அந்த ஒலியை வளர்க்கிறது, விரல்கள் அதனைப் பிரிக்கின்றன.

விரல் துளைகள் ஏழு. கீழே சுருதி சேர்ப்பதற்கான துளைகள் ஐந்து. இந்த ஏழு துளையில் தோடியின் காந்தாரம் எங்கே இருக்கிறது? எந்தத் துளையிலும் இல்லை. உதடு சீவாளியை எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு தள்ளுகிறது என்பதில் இருக்கிறது. அந்த அசைவுக்கு இணங்கும் தட்டை அமையாவிட்டால் எவ்வளவு பெரிய வித்துவானும் வெறும் மரத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கருவியின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் மாற்றுச் சீவாளிகளைக் கச்சேரிக்குப் போனவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அணிகலன் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒன்று ஈரம் ஏறிச் சோர்ந்தால், ஒன்று பிளந்தால், அடுத்தது வேண்டும். வாசிப்பவரின் உதட்டுக்கும் கருவியின் சுருதிக்கும் ஏற்பக் கட்டப்படுவது அது. கடையில் போய் ‘ஒன்று கொடுங்கள்’ என்று வாங்கும் சரக்கன்று.

திருவாவடுதுறை என்றவுடன் இலக்கிய வாசகர்க்கு ஆதீனமும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் நினைவுக்கு வருவார்கள். இசை வாசகர்க்கு இராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வருவார். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அம்மாமேதையின் தோடியைப் பற்றி எழுதாத தமிழ் எழுத்தாளர் குறைவு. அவரது செருக்கைப் பற்றி எழுதினார்கள், குடியைப் பற்றி எழுதினார்கள், கோட்டும் தலைமுடியும்கூட எழுதப்பட்டன. அதே திருவாவடுதுறையில்தான் தலைமுறை தலைமுறையாகச் சீவாளி கட்டும் குடும்பங்கள் இருந்தன, சில இன்னும் இருக்கின்றன என்பதை எழுதியவர் எத்தனை பேர்? வித்துவான் வாயில் வைத்து ஊதிய பொருளைச் செய்தவர் அதே ஊரில் திண்ணையில் அமர்ந்திருந்தார். நம் எழுத்தாளர்கள் அந்தத் திண்ணையைத் தாண்டிப் போய்த்தான் மேதையைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த முற்றிய ஆச்சா மரத்தைக் கடைந்து கருவி செய்யும் குடும்பங்களுக்கு அது நியாயமான சிறப்பு, மனமார மகிழ்ந்தோம். அப்போது வெளியான கட்டுரைகளை ஆர்வத்தோடு வாசித்தோம். நம் கண்ணில் பட்டவற்றுள் மரத்தைப் பற்றி நிறைய இருந்தது. தட்டையைப் பற்றி ஓரிரு சொற்கள். மரம் ஒரு முறை கடைந்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். தட்டையோ ஓயாமல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது சேற்றில் இறங்கி அறுத்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கிளாரினெட், ஓபோ வாசிக்கும் ஐரோப்பியர்க்கு அவர்களது சீவாளி எந்த மண்ணில் விளைந்த தட்டை என்பது தெரியும். தெற்குப் பிரான்சின் வார் மாவட்டத்து அருண்டோ டோனக்ஸ் என்னும் நாணல்வகைக்கு உலகம் முழுவதும் மதிப்பு. 1905இலிருந்து வாந்தோரன் என்னும் பாரிசு நிறுவனம் அதனைச் சீவிப் பெட்டியிலிட்டு விற்கிறது. பெட்டியின்மேல் இரண்டரை, மூன்று என்று கடினத்தின் அளவு அச்சிட்டிருக்கும். நம் கொறுக்கையைத் தாவரவியலாரும் இசையறிஞரும் ஒரே மேசையில் வைத்து ஆராய்ந்து, எந்தக் கரையில் எந்த மாதத்தில் அறுத்தது நல்லது என்று எழுதிய தமிழ் நூல் ஒன்றை யாரேனும் நமக்குக் காட்டினால் இக்கட்டுரையின் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அந்த அறிவு இல்லாமல் இல்லை. அறுப்பவரிடமும் கட்டுபவரிடமும் முழுமையாக இருக்கிறது. அது எழுத்தில் ஏறவில்லை. எழுதத் தெரிந்த நாம் அவர்களிடம் போகவில்லை, அவ்வளவுதான்.

‘எல்லாம் செயற்கையாக வந்துவிடும், பிறகென்ன?’ என்கிறார்கள் சிலர். மேலைக் கருவிகளுக்குச் செயற்கைச் சீவாளி வந்திருப்பது உண்மை. நல்ல வாசிப்பாளர்களே அதனைப் பயன்படுத்துகிறார்கள். நாம் புனிதம் பேசவில்லை. ஆனால் செயற்கையாகச் செய்வதற்கும் முதலில் இயற்கையானது எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்தாக வேண்டும். அளப்பதற்குச் செடி இருக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரும்போது கொறுக்கைப் புதர் முதலில் போகிறது. நீர் ஓடாமல் பயிர் காய்கிற உழவரின் கவலை பொய்யன்று, புதர் மண்டினால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது. ஆயினும் கரையின் எந்தப் பகுதியில் விடலாம், எங்கே அகற்ற வேண்டும் என்று கேட்பதற்கு அந்தச் செடிக்கு ஒரு பெயர் வேண்டும். திட்ட அறிக்கையில் அது ‘களை’. நம் பாடநூலில் அது ‘ஒருவகைப் புல்’. பொறியாளரைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கோரைக்கு வாய்த்த கதை சற்று மேல். பத்தமடைப் பாயைப் பற்றியாவது ஊருக்குத் தெரியும். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அனுப்பப்பட்டது என்ற பெருமையைச் சொல்லாதவர் இல்லை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் நெய்யும் அந்தப் பாய் துணிபோல் மடியும். ஆனால் அங்கும் நாம் எழுதுவது இராணியைப் பற்றி. கிழிக்கும் விரல்களைப் பற்றி அன்று. முசிறியிலும் மோகனூரிலும் கோரையைப் பயிராகவே வைத்து, அறுத்து, காயவைத்து, கட்டுக் கட்டாக அனுப்பும் உழவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் பாய் வந்து அவர்களை நெருக்கியபோது எந்தச் சிற்றிதழும் சிறப்பிதழ் போடவில்லை. ஒரு வேடிக்கை: பத்தமடை சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, காருகுறிச்சி மேற்கே. இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்ற காருகுறிச்சி அருணாசலம் பிறந்து வளர்ந்த அந்தச் சிறு வட்டத்துக்குள் ஒரு தண்டு பாயாயிற்று, இன்னொரு தண்டு இசையாயிற்று. ‘கொஞ்சும் சலங்கை’ 1962இல் வந்தபோது அவரது வாசிப்பில் கிறங்கிய தலைமுறை, அவர் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பாயில் படுத்துக்கொண்டுதான் வானொலி கேட்டிருக்கும்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பவர்க்கு: எல்லா இடத்திலும் வருகிறது. நாகசுரக் கலைஞரையே திண்ணையோடு நிறுத்திய சமூகம் இது. மேடைக்காகவும் மரியாதைக்காகவும் இராஜரத்தினம் பிள்ளை செய்த சண்டைகள் சும்மா வந்தவை அல்ல. அவர்க்கே அந்த நிலை என்றால் அவர்க்குச் சீவாளி கட்டியவர், அவர்க்குத் தட்டை அறுத்தவர் எந்தப் படியில் நின்றிருப்பார்? தெருக்கூத்தில் முகவீணை ஊதுபவரையும் அதே படிவரிசையில்தான் வைத்திருக்கிறோம். ‘கலை’ என்றும் ‘கைவினை’ என்றும் ‘கூலி’ என்றும் நாம் பிரித்து வைத்திருக்கும் மூன்று பெட்டிகளுக்குள் ஒரே தட்டையை வெட்டிப் போட்டிருக்கிறோம்.

கவிஞர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உவமையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வயலைக் கொடி வேழத்தைச் சுற்றியதும் உவமைதான், உள்ளுறைதான். அங்கே கொடியும் உண்மை, வேழமும் உண்மை. அதனால்தான் பரத்தையிடம் போன தலைவனும் உண்மையாகிறான். அடுத்த முறை நாணலை வளைக்கும் முன் ஒருமுறை ஆற்றுக்குப் போய்வாருங்கள். செருப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போங்கள். விளிம்பு கையை அறுக்கும்.

அந்த மாணவரை மறுவாரம் துறைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டோம். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அடுத்த நாள் ஒரு முழ நீளத்தில் நான்கைந்து தட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தோம், காற்று மறுபக்கம் வந்தது. வேழப்பத்து நடத்தும் நாளில் அவற்றை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். பாடக் குறிப்பில் ‘ஒருவகை நாணல்’ என்பதை அடித்துவிட்டுக் ‘கொறுக்கை’ என்று எழுதியிருக்கிறோம். தேர்வில் பழைய கையேட்டைப் பார்த்து ‘நாணல்’ என்று எழுதுகிறவர்க்கு மதிப்பெண் தருவதா வேண்டாமா என்பதில் மட்டும் துறையில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.